ஹாலுக்கு ஐந்து பேர்

எங்கள் சங்கத்தைப் பற்றி வெளியாட்களிடம் சொன்னால் முதலில் சிரித்துவிட்டுத்தான் மறுபேச்சு பேசுவார்கள். நாங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் கூடிய ஹால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பழுதாகி நிற்கிறது என்றாலாவது பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஓட வைத்திருப்போம். லிஃப்ட் போகக் குழியே விடாமல் கட்டிய கட்டடம் அது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் நோகாமல் ஏற்றி இறக்குகிற நாங்கள் எங்கள் கூட்டத்துக்கு மட்டும் ஐம்பத்து நான்கு படிகளை மூச்சு வாங்க ஏறினோம்.

அந்தப் படிகளில் எல்லோருக்கும் முன்னால் ஏறி, எல்லோருக்கும் பின்னால் இறங்கியவர் ஒருவர் உண்டு. சங்கத்தின் ஒரே அலுவலகப் பணியாளர். முப்பத்தொரு வயதில் டைப்பிஸ்டாக வந்து சேர்ந்தவருக்கு இப்போது ஐம்பத்து நான்கு. பெரியவர்கள் அவரை இன்னும் 'ஆபீஸ் பொண்ணு' என்றார்கள். என் வயதுக்காரர்கள் 'மேடம்' என்றோம். இளசுகள் வைத்த பெயர் 'லிங்க் அக்கா'. கூட்டத்துக்கான லிங்க்கை அனுப்புகிறவர் என்பதால் வந்த பெயர். இளசுகள் வைக்கிற பெயர்தான் ஒட்டிக்கொள்கிறது. நானும் அப்படியே சொல்கிறேன்.

தனியாள்தான். கல்யாணம் கூடி வரவில்லை. அம்மாவோடு இருந்தார், ஆறு வருடத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான், அதுவும் வண்டி ஓட்டிக்கொண்டே. இதெல்லாம் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் "இருக்காங்க" என்பார். யார் என்று மேலே கேட்க முடியாத மாதிரி ஒரு "இருக்காங்க". நாங்களும் யாரோ இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். விட்டுவிடுவதில் எங்கள் சங்கத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

முன்பெல்லாம் ஹாலில் நாற்பது மடக்கு நாற்காலியும் நிறைந்து, சிலர் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு இளசுகளுக்கு ஷிஃப்ட் வேலை வந்தது. சனிக்கிழமை மாலை அவர்கள் ஏதாவது ஒரு பெரிய கடையின் லிஃப்ட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார்கள். சங்கத்தில் ஆள் குறைந்தது. அப்போது தலைவர், "இனிமே பாதிப் பேர் நேர்ல, பாதிப் பேர் ஸ்கிரீன்ல. மேடம், நீங்க பார்த்துக்குங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியாது. தெரியாததையெல்லாம் லிங்க் அக்கா தலையில் கட்டுவது அவர் வழக்கம்.

லிங்க் அக்கா பார்த்துக்கொண்டார். ஒரே கூட்டத்துக்கு மூன்று விதமாக அழைப்பு அனுப்பினார். பெரியவர்களுக்குக் கொட்டை எழுத்தில் அச்சடித்த கடிதம், அன்று காலை ஒரு போன். எங்களுக்கு மின்னஞ்சல், என்னென்ன பேசப்போகிறோம் என்ற பட்டியலோடு. இளசுகளுக்குக் கூட்டம் தொடங்க அரை மணி முன்னால் ஒரு குறுஞ்செய்தி, ஒரே வரி. இரண்டாவது வரியை அவர்கள் படிப்பதில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்.

நேரத்திலும் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார். கூட்டம் உண்மையில் ஐந்து மணிக்கு. பெரியவர்கள் எதற்கும் அரை மணி முன்னால் வருகிறவர்கள் என்பதால் கடிதத்தில் ஐந்தரை என்று போடுவார். இளசுகள் கால் மணி தாமதம், அதனால் அவர்களுக்கு நாலே முக்கால். எங்களுக்கு மட்டும் ஐந்து. எல்லோரும் ஐந்துக்கே வந்து சேர்ந்து, நம் சங்கம்தான் எவ்வளவு ஒழுங்கு என்று பூரித்துப் போனோம். ஒரு வீட்டில் அப்பா மகன் இரண்டு பேருமே உறுப்பினர்கள். அழைப்பை ஒப்பிட்டுப் பார்த்த அப்பா, "அவனை மட்டும் ஏம்மா முன்னாடி கூப்பிடுற? நான் என்ன வேண்டாதவனா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த லிங்க் அக்காவுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

ஸ்கிரீனுக்கு வந்தவர்களில் முதலில் இளசுகள், பிறகு நாங்கள். பெரியவர்கள் ஹாலிலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து படி ஏற முடியாமல் போனபோது, வீட்டிலிருந்தே சேர்ந்துகொள்ள லிங்க் அக்கா அவருக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்தார். "லிங்க்கைத் தொடுறது லிஃப்ட்டைக் கூப்பிடுற மாதிரிதான் ஐயா. ஒரு தடவை அழுத்தினா போதும். பத்து தடவை அழுத்தினா சீக்கிரம் வந்துடாது, உங்களுக்குத் தெரியாததா?" என்பார். மெக்கானிக்குக்கு அது சட்டென்று பிடிபட்டது. அவர் சொல்லி இன்னொருவர் கேட்டார், அவர் சொல்லி வேறொருவர். ஒவ்வொருவருக்கும் கூட்டத்துக்கு முதல்நாள் பத்து நிமிட ஒத்திகை நடந்தது. சிலர் வீடியோவில் வரும்போதும் பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் முழுக் கூட்டமும் ஒருவருடைய காதைப் பார்த்துக்கொண்டே நடந்தது. பெரியவர்களுக்கு வெளியே போகிற பட்டனை மட்டும் அவர் சொல்லிக் கொடுப்பதில்லை. நடுவில் கை தவறித் தொட்டுவிட்டுத் தவிப்பார்கள் என்று, கூட்டம் முடிந்ததும் தன் பக்கமிருந்து தானே மூடிவிடுவார்.

இப்படிக் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்துத் தன் ஹாலைத் தானே காலி செய்தார் லிங்க் அக்கா.

அது அவருக்குத் தெரியாமல் இல்லை. மாதா மாதம் எத்தனை நாற்காலி விரிக்க வேண்டும் என்பது அவருக்குத்தானே தெரியும். நாற்பது இருபதாகி, பன்னிரண்டாகி, ஐந்தில் வந்து நின்றது. அந்தச் சனிக்கிழமைகளுக்கு அவர் நல்ல புடவையாக எடுத்துக் கட்டுவார், ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவருவார். கூட்டம் முடிந்த பிறகு பெரியவர்கள் கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும். குடையைத் தேடுவார்கள், கண்ணாடியைத் தேடுவார்கள், படியில் பாதி இறங்கி நின்று விட்ட கதையைத் தொடர்வார்கள். மற்ற இருபத்தொன்பது நாளில் லிங்க் அக்கா முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் கடைக்காரரோடும் பேருந்து நடத்துநரோடும்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவர் அந்த வேலையில் இருந்தார் என்று நான் சொன்னால் மிகை என்று நினைக்காதீர்கள். இதை அவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

சென்ற வருடம் ஒரு கூட்டத்தில் தலைவர் பேச்சை எடுத்தார். அறுபத்தேழு பேர் உறுப்பினர்கள், ஹாலுக்கு வருவது ஐந்து பேர், கட்டடக்காரரோ ஹாலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். "அடுத்த கூட்டத்துக்கு அஞ்சு பேராவது நேர்ல வந்தா ஹால் இருக்கட்டும். அதுக்கும் கீழ போச்சுன்னா சாவியைக் கொடுத்துடலாம். எல்லாருக்கும் சம்மதமா?" ஸ்கிரீன் முழுக்கக் கட்டை விரல்கள் முளைத்தன. என் விரலும் அதில் ஒன்று. நான் அப்போது சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், கேமராவை அணைத்துவிட்டு. லிங்க் அக்கா தீர்மானத்தை டைப் செய்தார். "அஞ்சுல என்னையும் சேர்த்தா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க ஸ்டாஃப் ஆச்சே மேடம்" என்றார் தலைவர், நல்லவிதமாகத்தான்.

ஐந்து பேரும் யார் யார் என்று லிங்க் அக்காவுக்கு மனப்பாடம். ஒர்க்ஷாப் வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர். வாழ்நாளெல்லாம் ஹாலிலேயே சண்டை போட்டவர்கள், வீட்டில் பேசிக்கொள்ள மாட்டார்கள். லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாடி எண்ணைக் கேட்ட காலத்து ஆப்பரேட்டர் ஒருவர். வீட்டில் பேரப்பிள்ளைகள் போடும் கூச்சலிலிருந்து தப்பிக்க வருகிற ஒருவர். ஐந்தாமவர் மெஷின்ரூம் ஐயா. உயரக் கட்டடங்களின் உச்சியில், லிஃப்ட்டை இழுக்கும் மோட்டார் ஓடும் அறையிலேயே முப்பத்தெட்டு வருடம் கழித்தவர். அந்த இரைச்சலில் ஒரு காது முழுக்கவும் மறு காது முக்காலும் போய்விட்டன. அன்றைய கூட்டத்தில் அவரும் ஹாலில்தான் இருந்தார். தலைவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். ஹாலைப் பற்றிய பேச்சு என்பது அவர் காதில் ஏறவே இல்லை.

அடுத்த கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில் மெஷின்ரூம் ஐயாவிடமிருந்து போன் வந்தது. காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினார்.

"அம்மா, எனக்கு முட்டி ஒத்துக்கல. அந்த மூணு மாடி இனிமே நம்மால ஆகாது. மத்தவங்களுக்குக் கத்துக் குடுத்தியே, அதை எனக்கும் கத்துக் குடேன். பையன் வாங்கிக் குடுத்த போன் சும்மாதான் கெடக்கு."

லிங்க் அக்கா மனசுக்குள் ஹால் நாற்காலிகளை எண்ணினார். பிறகு, "ஐயா, உங்க போன்ல அது வராது" என்றார்.

"என்னது?"

"வராது ஐயா! நேர்லதான் வரணும்!"

"அப்படியா? சரி, சரி. அப்ப வந்துடுறேன்."

பொய் அது. மகன் வாங்கிக் கொடுத்தது புத்தம் புது போன் என்பது லிங்க் அக்காவுக்குத் தெரியும். இருபத்து மூன்று வருட வேலையில் அவர் சொன்ன ஒரே பொய் என்றும் சொல்லலாம். ஏனென்றால் அதைச் சொல்லிவிட்டு அவர் பட்ட பாடு, பழகியவர்கள் படுகிற பாடு இல்லை. அன்று முழுவதும் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். ஐயாவுக்கும் வெளியே வந்துபோனால் நல்லதுதானே. வீட்டிலேயே அடைந்து கிடந்தால் முட்டி இன்னும் மோசமாகத்தானே ஆகும். மாதத்தில் ஒருநாள்தானே. நியாயங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சோறுதான் இறங்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஐயாவின் மனைவி பேசினார். அந்த அம்மாளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஏம்மா, கூட்டத்துக்கு நேர்லதான் வரணும்னு சொன்னியாமே? இந்த மனுஷன் காலையில எழுந்து வாசப்படியில ஏறி எறங்கிட்டு இருக்காரு. மூணே படிதான். இருபது தடவை ஏறினா அறுபது படியாம், அங்க அம்பத்து நாலுதானாம். கணக்குப் போட்டு வெச்சிருக்காரு. ராத்திரியெல்லாம் முனகல். தைலம் தேய்ச்சே என் கை ஓஞ்சு போச்சு. வேற வழி ஒண்ணும் இல்லையா?"

போனை வைத்தபின் லிங்க் அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது என்றார் என்னிடம். அழுகைகூட வரவில்லையாம், வெறும் வெட்கம்தான். எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவரை நாற்காலி எண்ணிக்கைக்காக வலிக்கிற காலோடு மூன்று படியில் ஏறி இறங்க வைத்துவிட்டது அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போனார். தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. முன்னறையில் ஒரு மேசை, அதன் மேல் தண்ணீர் ஜாடி, மருந்து டப்பா. போன் பெட்டியோடு அலமாரியில் இருந்தது. லிங்க் அக்கா அதை எடுத்து, இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்து, எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தார். எழுத்தைப் பெரிதாக்கினார். ஒலியை உச்சத்துக்கு ஏற்றினார். போன் சாயாமல் நிற்கத் தண்ணீர் ஜாடியில் சார்த்தி வைக்கச் சொன்னார்.

"ஐயா, உங்க போன்லயே வருது! நான்தான் தப்பா சொல்லிட்டேன்!"

"மெஷினே தப்புப் பண்ணுது, நீ பண்ணக் கூடாதா?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எதிரே உட்கார்ந்து வாங்கிக்கொள்ள முடியாமல் லிங்க் அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்றார். வேலை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து, கடிதம் போகிறவர்கள் பட்டியலிலிருந்து மெஷின்ரூம் ஐயாவின் பெயரை வெட்டி, லிங்க் போகிறவர்கள் பட்டியலில் ஒட்டினார். கடிதப் பட்டியலில் நான்கே பெயர் மிச்சம்.

அந்த இரண்டாவது சனிக்கிழமை ஹாலில் ஐந்து நாற்காலி விரித்திருந்தார். யாராவது வழி தவறியாவது வந்து சேர மாட்டார்களா என்று ஐந்தாவது. அண்ணன் தம்பி வந்தார்கள், ஆப்பரேட்டர் வந்தார், பேரப்பிள்ளைகளிடமிருந்து தப்பியவர் வந்தார். ஸ்கிரீனில் மெஷின்ரூம் ஐயாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினோம். "ஐயாவே வந்துட்டாரு, இனி என்ன!" என்று ஓர் இளசு கத்தினான். தலைவர் ஹாலைக் காட்டச் சொன்னார். லிங்க் அக்கா கேமராவைத் திருப்பினார். நான்கு தலைகள், ஒரு காலி நாற்காலி.

"அப்ப முடிவாயிடுச்சு" என்றார் தலைவர். "மேடம், மினிட்ஸ்ல போட்டுக்குங்க."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. என் வீட்டிலிருந்து அந்த ஹாலுக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம். என் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் காலி நாற்காலியை நான் என் வரவேற்பறையிலிருந்து பார்த்தேன். அட, போயிருக்கலாமே என்று தோன்றியது. தோன்றிய அடுத்த நொடி, இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரைப் பொசுக்குகிற வாசனை வந்தது. அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

சாவியைக் கொடுத்தாயிற்று. நாற்காலிகளை ஒரு பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. கடிதம் போகிற நான்கு பேருக்கும் 'இனி ஹால் இல்லை' என்று கொட்டை எழுத்தில் கடிதம் போயிற்று. எங்களுக்கு மின்னஞ்சல். லிங்க் பட்டியலில் இருந்த மற்றவர்களுக்குக் குறுஞ்செய்தி. லிங்க் அக்காவை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். "உங்களுக்கும் அலைச்சல் மிச்சம் மேடம்" என்றார் தலைவர். சமையலறையை ஒட்டி ஒரு மேசை போட்டு, அதில் மடிக்கணினியை வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் நிறுத்துகிற இடம். காலியான பேருந்துகள் வந்து நிற்கும், காலியாகவே போகும்.

அடுத்த கூட்டம் முழுக்க முழுக்க ஸ்கிரீனில் நடந்தது. ஹாலுக்கு வந்துகொண்டிருந்த நான்கு பேருக்கும் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஒத்திகை யாருக்கும் தேவைப்படவில்லை என்பதால் முதல்நாள் யாரோடும் பேச வேலையில்லை. லிங்க் அக்கா வழக்கம்போலப் பெயர் வாசித்தார், அறுபத்தேழு பேரும் உள்ளேன் சொன்னார்கள். யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்த்து, "ஐயா, உங்க முறை. சொல்லுங்க" என்று ஒவ்வொருவராகப் பேச வைத்தார். இளசுகள் பெரியவர்களை மடக்கினால் நடுவில் புகுந்து, "தம்பி, அவர் முடிக்கட்டும்" என்றார். ஆறு மணிக்குக் கூட்டம் முடிந்தது. நன்றி நன்றி என்று ஒரு சத்தம். ஐந்தே நொடியில் அறுபது பேரும் மறைந்தார்கள். பெரியவர்கள் ஆறு பேரை அவர் ஒவ்வொருவராக மூடினார். கடைசியில் மெஷின்ரூம் ஐயாவின் சதுரம் ஒன்று மட்டும் நின்றது.

அதை மூட ஒரு பட்டன். விரல் அதன் மேலேயே இருந்ததாம். மூடவில்லை.

தண்ணீர் ஜாடியில் சாய்ந்திருந்த போன் அந்த முன்னறை முழுவதையும் காட்டியது. ஐயா செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் ஒரு முறத்தில் அவரையை வைத்து நார் எடுத்துக்கொண்டிருந்தார். "விளக்கைப் போடுங்க" என்றார். ஐயாவுக்குக் கேட்கவில்லை. அம்மாளே எழுந்து போட்டார். இங்கே லிங்க் அக்கா வீட்டில் இருட்டிக்கொண்டு வந்தது, விளக்குப் போட எழுந்திருக்கவில்லை. தப்பு என்று தெரியும். ஒரு வீட்டுக்குள் அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பது எந்த ஊரிலும் தப்புதான். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றிருந்தவர் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஏதோ சொல்லித் தானே சிரித்தபோது, இவரும் இங்கே சிரித்துவிட்டாராம்.

முறத்தை வைக்க மேசைக்கு வந்த அம்மாள் போனைக் குனிந்து பார்த்தார்.

"அட, நீயா! கூட்டம் இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிடுச்சும்மா."

"அப்புறம் ஏன் நீ இன்னும் போகல?"

"எல்லாரும் போனப்புறம்தாம்மா நான் போகணும். ஐயா இன்னும் போகலையே."

"அவர் எங்க போவாரு? அவர் வீட்லதானே இருக்காரு."

அம்மாள் போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"என்ன, இருட்டுல உட்கார்ந்திருக்க? கூட யாரு இருக்கா?" என்று அம்மாள் கேட்டார்.

இருபத்து மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய பதில் ஒன்று இருந்தது. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. "யாரும் இல்லம்மா. தனியாத்தான் இருக்கேன்" என்றார்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று ஐயா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"தனியா இருக்காம்!"

"என்னது?"

"தனியா இருக்காம்! கூட யாருமே இல்லையாம்!"

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அந்த அம்மாள் வாசல் வரை கேட்கிற மாதிரி இரண்டு தடவை கத்திச் சொன்னார். லிங்க் அக்கா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஐயா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"ஏன், ஹாலுக்கு யாரும் வரலையா? நாலு பேர் வருவாங்களே. எல்லாரும் போயிட்டாங்களா?" என்றபடி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "அது ஒண்டியா உட்கார்ந்திருக்கும். இரு, நான் போயிட்டு வந்துடுறேன்."

குனிந்து செருப்பைத் தேடினார். லிங்க் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹால் போன செய்தி இந்த மனிதருக்குப் போகவே இல்லை. கடிதப் பட்டியலிலிருந்து அவர் பெயரை வெட்டியது தன் கைதான். குறுஞ்செய்தியை அவர் எந்தக் காலத்தில் திறந்து பார்த்தார்? கூட்டத்தில் பேசியதோ அவர் காதில் விழுந்திருக்காது. எல்லோரும் சிரித்தால் சிரித்து, கைதட்டினால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஐயா, வர வேண்டாம்! ஹால் இல்ல! சாவியைக் கொடுத்துட்டோம்!"

அம்மாள் போனை எடுத்துக்கொண்டு போய் அவர் காதருகே பிடித்தார். லிங்க் அக்கா திரும்பவும் கத்தினார். மூன்றாவது தடவை கேட்டது. ஐயா ஒரு காலில் செருப்போடு படியில் உட்கார்ந்தார்.

"ஹால் இல்லையா? யாரும் எனக்குச் சொல்லலையே."

"நான்தான் சொல்லியிருக்கணும் ஐயா. விட்டுப் போச்சு."

"அப்ப நீ எங்க இருக்க?"

"வீட்ல ஐயா."

"எத்தனாவது மாடி?"

"நாலாவது."

"லிஃப்ட் இருக்கா?"

"இல்ல ஐயா. படிதான்."

அவர் தன் முட்டியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். போனை மனைவியிடமிருந்து வாங்கி, முகத்துக்கு நேராகப் பிடிக்கத் தெரியாமல் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

"சரி, பேசு" என்றார். "நான் இங்கதான் இருக்கேன். உன் முறை. சொல்லு."

எத்தனையோ வருடமாக எல்லோரையும் பேச வைத்தவருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "முட்டி வலி எப்படி ஐயா இருக்கு?" என்று கேட்டார்.

"அது கெடக்கட்டும். உன்னைப் பத்திச் சொல்லு."

லிங்க் அக்கா சுற்றும்முற்றும் பார்த்தார். தன்னைப் பற்றிச் சொல்ல அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடினார். "சமையலறைக் குழாய் ஒழுகுது ஐயா" என்றார். "நாலு நாளா ஒழுகிட்டே இருக்கு." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை என்றார் என்னிடம். விம்மல் நிற்கவே இல்லை.

குழாய் என்றது மட்டும் ஐயாவுக்குக் கேட்டது. அழுகை கேட்கவில்லை.

"வாஷர் போயிருக்கும்" என்றார் அவர். "வேற ஒண்ணும் இருக்காது."